ஏழு மணி இலை

சென்ற வாரம் இந்தக் குடும்பத்தை வாஷ்பேசினுக்கு அடியில் விட்டுவிட்டு வந்தேன். அங்கே ஓர் இளஞ்சிவப்பு மாத்திரை உருண்டு கிடந்தது. கண்டுபிடித்தவள் மனைவி. அந்த வீட்டில் இளஞ்சிவப்பு மாத்திரை போடுகிறவர் கணவர் ஒருவர்தான்.

அதற்குப் பிறகு வந்த கடிதங்களில் முக்கால்வாசி அவரைத் திட்டித்தான் இருந்தன. இப்படிப்பட்ட ஆளோடு அவள் எப்படிக் குப்பை கொட்டுகிறாள் என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இருபத்திரண்டு வருஷமாகக் கொட்டுகிறாள், அம்மா. நான் யார் பக்கம் என்றும் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்த பக்கமெல்லாம் பத்திரிகை ஆசிரியர் கேட்கும் நாலு பக்கம்தான்.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அவர் லிஃப்ட் மெக்கானிக். எட்டு மாதத்துக்கு முன் அவர் இதயத்தில் கெட்டுப்போன ஒரு வால்வை எடுத்துவிட்டு உலோக வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமல் இருக்க, தினமும் சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு மாத்திரை. அது வேலை செய்கிறதா என்று பார்க்க, விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ஓர் அளவு சொல்வார்கள். இரண்டரைக்குக் கீழே போனால் ரத்தம் கட்டி வால்வு சிக்கிக்கொள்ளும். மூன்றரைக்கு மேலே போனால் எங்காவது கசிய ஆரம்பித்த ரத்தம் நிற்காது. கிளினிக் நர்ஸ் இதை முதல் நாளே மனைவிக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுத்துவிட்டாள்.

நாலு மாதமாக அந்த அளவு கீழேயே கிடந்தது. டோஸை மூன்று தரம் கூட்டியும் அசையவில்லை. ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று ஒவ்வொரு தரமும் கேட்டார்கள். போடுகிறேன் என்று ஒவ்வொரு தரமும் சொன்னார். அப்போதுதான் அந்த வாஷ்பேசின் மாத்திரை கிடைத்தது.

கை தவறி விழுந்தது, வேறு எடுத்துப் போட்டேன் என்றார். யார் நம்புவார்கள்? மனைவியின் தங்கை அன்று வீட்டில் இருந்தாள். நாற்பது வயதாகியும் வீட்டில் அவளுக்குக் குட்டி என்றுதான் பெயர். அவள் வக்கீலாக மாறி அரை மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தாள். தீர்ப்பை மனைவி சொன்னாள்.

"நீங்க பொய் சொல்றீங்க."

இந்த ஊரில் ஐம்பது அறுபது லிஃப்டுகளுக்குள் ஒட்டியிருக்கும் பரிசோதனை அட்டையில் அவர் கையெழுத்து இருக்கிறது. பார்க்காத லிஃப்டைப் பார்த்ததாக முப்பது வருஷத்தில் ஒரு நாளும் எழுதியதில்லை. முன்பின் தெரியாதவர்கள் அந்தக் கையெழுத்தை நம்பிப் பதினாலாவது மாடிக்குப் போகிறார்கள். வீட்டில் ஒரு மாத்திரை விஷயத்தில் அவர் பேச்சு எடுபடவில்லை.

அன்றோடு அவர் அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். ஏழு மணியானால் சமையலறை வாசலில் வந்து நிற்பார். மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டுவார். அவளும் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டுவாள். ஏழு நாள் இப்படி நடந்தது. இனிமேல் என் கண் முன்னால்தான் போடுவார் என்று கிளினிக் நர்ஸுக்கும் போனில் சொல்லி வைத்தாள். ஒரு நாளாவது அவளுக்குக் கூசியிருக்க வேண்டும். கூசவில்லை.

அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. மரத்துப் போயிருந்தாள், அவ்வளவுதான். பல் பிடுங்குவதற்குப் போட்ட ஊசி இறங்காமல் உதடு தடித்துக் கிடக்குமே, அந்த மாதிரி.

அது எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். அவள் பெரிய கடை வளாகம் ஒன்றில் ஆல்டரேஷன் தையல்காரி. பேன்ட்டின் காலை மடித்து அடிப்பது, தொளதொள சட்டையைப் பிடித்துத் தைப்பது, ஜிப் மாற்றுவது. கணவருக்கு ஆபரேஷன் நடந்த நாட்களில் அவளுக்குப் படபடப்பு வந்தது. நெஞ்சு அடித்துக்கொள்ளும், உள்ளங்கை வியர்க்கும், ஊசியில் நூல் கோக்க முடியாது. அதே வளாகத்தில் கீழ்த்தளத்தில் சத்து மாத்திரை விற்கும் கடையில்தான் குட்டிக்கு வேலை. அவள் ஒரு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தாள். மேலே மஞ்சள் பூ படம், உள்ளே பச்சைத் தூள் அடைத்த கேப்ஸ்யூல். மூலிகையின் பெயர் யார் வாயிலும் நுழையவில்லை.

இது மருந்தே இல்லக்கா, வெறும் இலை என்றாள் குட்டி. அன்றிலிருந்து அதற்கு இலை என்றே பெயராகிவிட்டது.

ஒரு மாதத்தில் கை நடுக்கம் நின்றது. இலையால் நின்றதா, மனுஷன் பிழைத்து வீட்டுக்கு வந்ததால் நின்றதா என்று யாரும் ஆராயவில்லை. கூடவே அழுகையும் நின்றது, சிரிப்பும் நின்றது. அதையும் யாரும் ஆராயவில்லை.

நாலு மாதத்துக்கு முன் அவர் திரும்ப வேலைக்குப் போனார். போன முதல் வாரமே ஒரு நாள் சட்டையெல்லாம் வியர்வையோடு வந்து உட்கார்ந்தார். லிஃப்ட் கதவு மூடினதும் நெஞ்சுக்குள் புது வால்வு டிக் டிக் என்று அடிப்பது அவர் காதுக்கே கேட்கிறதாம். கேட்டதும் மூச்சு முட்டுகிறதாம். லிஃப்ட் மெக்கானிக்குக்கு லிஃப்டில் பயம் என்று கம்பெனிக்குத் தெரிந்தால் மேஜையில் உட்கார வைத்துவிடுவார்கள், குட்டிக்கும் மூச்சு விடாதே என்றார். குட்டிக்குத் தெரிந்தால் கம்பெனிக்குத் தெரிந்த மாதிரிதான்.

"நீங்களும் ஒண்ணு போட்டுக்குங்க. மருந்து இல்ல, இலைதான்," என்றாள் அவள்.

போட்டுக்கொண்டார். பயமும் மெல்ல அடங்கியது. தினமும் ஏழு மணிக்கு மாத்திரையோடு ஓர் இலை. "இலை போட்டாச்சா?" என்று அவள் உள்ளேயிருந்து கேட்பதைக் காதில் வாங்கிக்கொண்டு, எதிர் வீட்டுக்காரர் ஒரு நாள் இங்கே ஏதோ விருந்து என்று நினைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனதும் உண்டு.

நாலு மாதம் இரண்டு இடத்தில் வருகிறதே என்று விரல் விட்டு எண்ணிய வாசகர்களுக்கு என் வணக்கம். அந்த வீட்டில் யாரும் எண்ணவில்லை. மருந்து எது என்று கேட்டால்தானே எண்ணுவார்கள்? இலையை மருந்துக் கணக்கில் யாரும் சேர்க்கவே இல்லை.

இன்று கிளினிக் நாள். பதினொன்றரைக்குப் போக வேண்டும். அதுவரை ஒரு பேன்ட் முடித்துவிடலாம் என்று அவள் கடையைத் திறந்தாள். மணிக்கட்டில் குண்டூசிப் பட்டை, கழுத்தில் டேப். யாரோ ஒரு வங்கி ஊழியரின் சாம்பல் நிற பேன்ட், இரண்டு காலிலும் ஓர் அங்குலம் குறைக்க வேண்டும்.

இடது காலை முடிக்கும்போது குட்டி மாடியேறி வந்தாள். கையில் ஒரு ஸ்டிக்கர் சுருள். வந்த வேகத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, காலையிலிருந்து இதே வேலை, விரல் தேய்ந்துவிட்டது என்று புலம்பினாள். கம்பெனியிலிருந்து ஆள் வந்து, கடையில் உள்ள அத்தனை பாட்டிலிலும் ஒட்டச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். இதே விஷயம் முன்பும் பாட்டிலில் இருந்ததாம், கடுகு மாதிரி எழுத்தில். யாரோ எங்கேயோ புகார் கொடுத்திருக்கிறார்கள் போல. இனிமேல் பெரிதாகத் தெரிய வேண்டுமாம்.

"உன் பாட்டிலை எடு. எல்லாருக்கும் ஒட்டிட்டு உனக்கு மட்டும் விட்டா மனசு கேக்கல."

அவள் கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். குட்டி மஞ்சள் பூவின் தலையில் ஒரு ஸ்டிக்கரை அழுத்தி ஒட்டித் திருப்பிக் கொடுத்தாள். அவள் படித்தாள்.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதை எடுக்கக் கூடாது. அந்த மருந்தின் வேலையை இது குறைத்துவிடலாம்.

"இலைதானே இது?" என்று கேட்டாள்.

"இலைதான். அப்படிச் சொல்லித்தானே விக்கிறேன். உனக்கென்னக்கா, நீயா ரத்த மாத்திரை போடுற?"

சொல்லிவிட்டுக் குட்டி, அத்தான் இன்னும் வாயைத் திறந்து காட்டுகிறாரா என்று கேட்டுச் சிரித்தாள். காட்டுகிறார் என்றாள் அவள். குட்டிக்குக் கீழே ஆள் வந்துவிட்டார்கள், சுருளை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

இந்த இடத்தில் ஒரு மனைவிக்கு நெஞ்சு திக்கென்றிருக்க வேண்டும். அவளுக்கும் அது தெரிந்தது. திக்கென்று வரும் என்று கொஞ்ச நேரம் காத்துக்கூடப் பார்த்தாள். வரவில்லை. இன்றைக்கு நர்ஸிடம் சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் நினைத்தாள், பால் வாங்க வேண்டும் என்று நினைக்கிற குரலில். நினைத்துவிட்டு வலது காலையும் அடித்து முடித்தாள். தூக்கிப் பார்த்தபோது வலது கால் இரண்டங்குலம் குறைந்திருந்தது. பத்து வருஷத்தில் இப்படி நடந்ததே இல்லை. தையலைப் பிரித்து மறுபடி அடித்தாள்.

கிளினிக் வாசலில் அவர் முன்பே வந்து நின்றிருந்தார். இரண்டு பேரும் ஒன்றாக உள்ளே போய், நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்கள். அவர் பெயரைக் கூப்பிட்டதும் ஒன்றாக எழுந்தார்கள்.

நர்ஸ் ஐம்பது வயதுக்காரி. கெட்டிக்காரி, வாய் கொஞ்சம் நீளம். அவர் விரலைப் பிடித்து ஊசியால் குத்திக்கொண்டே வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். காய்ச்சல் உண்டா, இல்லை. அடி ஏதாவது பட்டதா, இல்லை.

"வேற மருந்து மாத்திரை ஏதாவது?"

"இல்லை," என்றார் அவர்.

மனைவி கைப்பைக்குள் கையை விட்டாள். பாட்டில் கையில் தட்டுப்பட்டது. ஒரு நிமிஷம் சிஸ்டர் என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மிஷின் கீச்சென்றது.

மூன்று புள்ளி நாலு.

நர்ஸ் மறுபடி குனிந்து பார்த்தாள். போன வாரம் ஒன்று புள்ளி ஆறு. அவள் முகம் மலர்ந்துவிட்டது. பார்த்தீர்களா சார், வீட்டம்மா பக்கத்தில் நின்றதும் தானாக ஏறிவிட்டது, நாலு மாசமாக எங்களைச் சுத்தலில் விட்டீர்களே என்று சிரித்துக்கொண்டே ஃபைலை இழுத்து எழுதினாள். எழுதியதைச் சத்தமாகப் படித்தும் காட்டினாள்: மனைவி மேற்பார்வையில் மாத்திரை எடுக்கிறார், அளவு சரியாக உள்ளது. டாக்டர் உள்ளே இருந்தபடியே கையெழுத்துப் போட்டு அனுப்பினார். இதே டோஸ், அடுத்த பரிசோதனை ஒரு மாதம் கழித்து.

கணவர் பஞ்சை விரலில் அழுத்திப் பிடித்தபடி மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பாட்டிலைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டாள். அவளுடைய கணக்கு நேரானது, ஒரு குழந்தைக்கும் புரியும். இந்த வாரமும் அவர் இலை போட்டார். இலை தப்பு என்றால் அளவு ஏறியிருக்கக் கூடாது, ஏறியிருக்கிறது. ஆக, இலைமேல் குற்றமில்லை. நாலு மாதமும் அவர் மாத்திரையைத்தான் விட்டிருக்கிறார், அவளிடம் பொய்தான் சொல்லியிருக்கிறார். ஜெயித்துவிட்டாள். ஜெயித்த சந்தோஷமும் வரவில்லை, ஏமாந்த கோபமும் வரவில்லை.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கைதான் கிடைத்தது. இரண்டு நிறுத்தம் தாண்டியதும் அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள்.

"இனிமேலாவது ஒழுங்கா போடுங்க."

பஸ் ஒரு சிக்னலில் நின்று கிளம்பியது. ஏழு நாளைக்குப் பிறகு அவர் அவளிடம் பேசினார்.

"மாத்திரைய நான் ஒரு நாளும் விட்டதில்ல. இந்த ஒரு வாரமா விட்டது உன் இலையைத்தான்."

அவள் திரும்பினாள்.

"நீ மாத்திரைக்கு மட்டும்தானே வாயப் பாத்த. இலைய மேஜையில வச்சிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிடுவ. எடுத்து பாட்டில்லயே போட்டுட்டேன். வீம்புதான், வேற ஒண்ணும் இல்ல."

அவள் கணக்கை மறுபடி முதலிலிருந்து போட்டாள். இந்த முறை நேரம் பிடித்தது. நாலு மாதம் இலைதான் அந்த அளவைக் கீழே இழுத்திருக்கிறது. அந்த இலையோடு சண்டை போடத்தான் டோஸை மூன்று தரம் கூட்டியிருக்கிறார்கள். இப்போது இலை இல்லை, கூட்டிய டோஸ் அப்படியே இருக்கிறது. ஒரே வாரத்தில் ஒன்று புள்ளி ஆறு மூன்று புள்ளி நாலாகியிருக்கிறது. அது அங்கேயே நிற்கும் என்று யார் சொன்னது? நாளைக்கு நாலு, அதற்கடுத்து ஐந்து. அடுத்த பரிசோதனை ஒரு மாதம் கழித்து.

அப்போது வந்தது பயம். காரணம் தெரியாமல் வந்து நெஞ்சைப் பிசைந்த பழைய படபடப்பு இல்லை இது. இந்த மனுஷன் செத்துப் போய்விடுவார், நான் கொடுத்துச் செத்துப் போய்விடுவார் என்று முழு வாக்கியமாக வந்தது. ஏழு மாதத்தில் முதல் முறையாக அவளுக்கு ஏதோ ஒன்று உறைத்தது, அது இதுவாகப் போய்விட்டது.

"இறங்குங்க," என்றாள்.

நம் நிறுத்தம் இன்னும் வரவில்லை என்றார். அவள் அதற்குள் எழுந்து மணியை அழுத்திவிட்டாள்.

கிளினிக் ஒரு மணிக்கு மூடிவிடும். மணி பன்னிரண்டே முக்கால். திரும்பிப் போக பஸ் கிடைக்கவில்லை, நடந்தார்கள். வேகமாக நடக்கவும் பயம், மெதுவாக நடக்கவும் பயம். வழியில் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள், பல் தேய்க்கும்போது ரத்தம் வந்ததா என்று. இரண்டு நாளாக வருகிறது, ஈறுதானே என்று விட்டுவிட்டேன் என்றார் அவர். அதற்குப் பிறகு அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் உதறவும் இல்லை, பிடித்துக்கொள்ள வாகாகக் கொடுக்கவும் இல்லை.

கிளினிக் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. அவள் குனிந்து உள்ளே நுழைந்தாள், அவரும் நுழைந்தார். நர்ஸ் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏதாவது மறந்துவிட்டீர்களா என்று கேட்டாள்.

அவள் பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"சிஸ்டர், இதை நாலு மாசமா நான்தான் இவருக்குக் குடுத்தேன். போன வாரத்திலேருந்து இவர் போடல. எனக்கு இப்பத்தான் தெரியும். மாத்திரைய இவர் ஒரு நாளும் விடல. இவர் பொய் சொல்லல."

கடைசி இரண்டு வார்த்தையும் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. நர்ஸ் அதைக் கவனிக்கவில்லை. அவள் ஸ்டிக்கரைப் படித்துக்கொண்டிருந்தாள். படித்து முடித்ததும் சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள். ஈறில் ரத்தம் வருகிறதா, உடம்பில் எங்காவது நீலம் பாய்ந்திருக்கிறதா என்று கேட்டாள். ஃபைலை எடுத்து, ஒரு மணி நேரம் முன்னால் எழுதியதன் குறுக்கே கோடு போட்டாள். இன்றைக்கு ராத்திரி மாத்திரை வேண்டாம், டாக்டர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார், இருங்கள் என்றாள். பரபரப்பில் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. கோபம் அவர்மேல்தான் வந்தது.

"எத்தனை தடவை கேட்டேன் சார். வேற மருந்து உண்டான்னு ஒவ்வொரு தடவையும் கேட்டேனே. நீங்க ஏன் சொல்லல?"

அவர் மேஜைமேல் இருந்த பாட்டிலைப் பார்த்தார். எந்த மாடிக்குப் போகணும் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்வது போல, கோபமே இல்லாமல் சொன்னார்.

"மருந்தான்னு கேட்டீங்க. அது மருந்து இல்லன்னு இவ சொல்லியிருந்தா. இவ சொன்னதை நான் நம்பினேன்."

நர்ஸ் டாக்டர் அறைக் கதவைத் தட்டித் திறந்தாள். மனைவியும் அவரோடு எழுந்தாள். அவர் மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.